ரொட்டிக்காரரின் ஒரே ஒரு வலது திருப்பம்

ரொட்டிக்காரரின் சைக்கிள் வலது பக்கம் திரும்பாது. நேராகப் போகும், இடது பக்கம் சொன்னபடி கேட்கும், வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் முனகும், இறக்கத்தில் பறக்கும். வலது பக்கம் என்றால் மட்டும் கைப்பிடி லேசாகத் தலையைச் சாய்க்கும், அதோடு சரி. அதற்கு மேல் இம்மியும் அசையாது.

இதற்குக் காரணம் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு பற்றவைப்புக்காரர். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், ரொட்டிக் கூடையை முன்பக்கம் மாட்ட ஓர் இரும்புச் சட்டம் வைத்துத் தரச் சொல்லி ரொட்டிக்காரர் அவரிடம் சைக்கிளை விட்டிருந்தார். பற்றவைப்புக்காரர் அன்றைக்குப் பார்த்து, தன் மைத்துனரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தார். சண்டையில் யார் ஜெயித்தார்களோ தெரியாது. சட்டத்தின் ஒரு கால் சைக்கிளின் தண்டில் போய் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"ஒரு வாரம் இப்படியே ஓட்டுங்கண்ணே. அப்புறம் கொண்டாங்க, வெட்டி ஒட்டிடலாம்" என்றார்.

அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. பற்றவைப்புக்காரர் கடையை மூடிவிட்டுக் கோழிப்பண்ணை வைத்து, இப்போது ரொட்டிக்காரரிடமே தினமும் இரண்டு ரொட்டி வாங்குகிறார். பார்க்கும்போதெல்லாம் "அதை வெட்டிடலாம்ணே" என்பார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார் ரொட்டிக்காரர்.

வேறு யாராக இருந்தாலும் சைக்கிளைச் சரிசெய்திருப்பார்கள். இவர் பாதையைச் சரிசெய்தார். நாற்பத்தாறு வீடுகள், மூன்று பம்ப் அறைகள், ஓர் எடைமேடை, ஒரு கோழிப்பண்ணை, இத்தனையையும் இடது பக்கமே திரும்பித் திரும்பி, இருபத்திரண்டு கிலோமீட்டரில் ஒரு சுற்றாகக் கோத்துவிட்டார். காலையில் வீட்டு வாசலில் இடது கால் மிதித்துக் கிளம்பினால் மதியத்துக்குள் அதே வாசலில் வந்து நிற்பார். ஊர் சும்மா இருக்குமா? 'லெஃப்ட்' என்று பேர் வைத்துவிட்டது. "லெஃப்ட் வந்தாச்சா?" என்று கேட்டுத்தான் எடைமேடைக்காரர் டீ போடுவார். மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான். சோளம், அதற்கப்பால் சூரியகாந்தி, அதற்கப்பால் வெங்காயம், நடுநடுவே வாய்க்கால். மூன்று கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆலை லாரிகள் அங்கே ராவும் பகலும் உறுமுகின்றன. வலது பக்கம் திரும்ப முடியாத ஒரே புண்ணியத்தால், ரொட்டிக்காரரின் சுற்று அந்த நெடுஞ்சாலையை எங்கேயும் தொடவே இல்லை. வாய்க்கால் கரையில் டிராக்டர் தடம், பம்ப் அறைகளுக்கு இடையே ஒற்றை ஆள் போகிற தார்ச் சாலை, வயல்களைப் பிரிக்கும் செம்மண் பாதை. ஒரு மணி நேரத்தில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் அதிகம். சைக்கிள் சங்கிலி தனக்குத்தானே முணுமுணுப்பது காதில் விழும். எந்தச் சாலை எவ்வளவு அமைதி என்று அவர் அளப்பதே அந்தச் சங்கிலியை வைத்துத்தான்.

இப்படி முழுக்க இடப்பக்கமாகவே போகிற பாதையில் ஒரே ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு.

வாய்க்காலின் பெரிய மதகுக்குப் பக்கத்தில் சாலை இரண்டாகப் பிரியும். நேரே போனால் ஒரு கிலோமீட்டரில் நாற்சந்தி. அங்கே இடது பக்கம் திரும்பினால் சூரியகாந்தி வயல். சுலபமான வழி. ஆனால் ரொட்டிக்காரர் நேரே போகமாட்டார். மதகருகே இறங்குவார். அறுபது ரொட்டிகளோடு முன்சக்கரத்தை மார்போடு அணைத்துத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சடக்கென்று சத்தம் போட, சைக்கிளை வலது பக்கம் பார்க்கத் திருப்பி வைப்பார். பிறகு ஏறி, செங்கல் சூளையைச் சுற்றிக்கொண்டு, நான்கு கிலோமீட்டர் கூடுதலாக மிதித்து அதே நாற்சந்திக்கு வந்து சேர்வார். வாரத்தில் ஆறு நாள். ஒன்பது வருடமாக.

ஏனென்றால் நேர்வழியில் அவருடைய அக்கா வீடு இருக்கிறது.

ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் இவருக்குத் தலை வாரிவிட்டவள், சைக்கிள் தண்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள், திட்டிக்கொண்டே சோறு போட்டவள். அக்கா திட்டினால்தான் இவருக்குச் சாப்பிட்டது செரிக்கும். அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவே வந்த சண்டை எதனால் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். இவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அக்கா புது வீடு கட்டினாள். சுவர் பாதி எழும்பியிருந்தபோது, கொத்தனார்களுக்குக் கொடுக்கலாமே என்று இவர் தனியாக இருபது ரொட்டி சுட்டு எடுத்துப்போனார். ஆசையில் அடுப்பைக் கொஞ்சம் அதிகமாகவே சூடேற்றிவிட்டார் போல. அக்கா ஒரு ரொட்டியைக் கையில் எடுத்தாள், விரல் முட்டியால் தட்டினாள், டொக் டொக் என்று கேட்டது. ஊருக்கே கேட்கிற அந்தக் குரலில், "மேஸ்திரி, ஒரு வரிசைக்குச் செங்கல் குறையுதுன்னீங்களே, என் தம்பி கொண்டு வந்துட்டான் பாருங்க!" என்றாள். மேஸ்திரி சும்மா இருந்திருக்கலாம். ஒரு ரொட்டியை வாங்கி, கரண்டியால் சிமெண்டு பூசுவது போல நடித்துச் சுவரின் மேல் வைத்தும் காட்டினார். பதினோரு பேர் சிரித்தார்கள். அக்காவின் கணவரான மாமாவும் சிரித்தார்.

ரொட்டிக்காரர் பத்தொன்பது ரொட்டிகளைக் கூடையில் போட்டார், சுவரின் மேலிருந்த இருபதாவதையும் எடுத்துக்கொண்டார், கிளம்பிவிட்டார். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு. அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. "விளையாட்டுக்குச் சொன்னதுக்கு மூஞ்சியைத் தூக்கிட்டுப் போறவன் தானா வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாள். முதல் வாரம் கோபம். முதல் மாதம் வீம்பு. அதன் பிறகு, எப்படித் திரும்பிப் போவது என்று தெரியாத வெட்கம். அதுதான் எல்லாவற்றையும்விடக் கனம்.

வேடிக்கை என்னவென்றால், இவருடைய மனைவிக்கும் அக்காவுக்கும் ஒரு நாள்கூடப் பேச்சு நின்றதில்லை. "அண்ணி" என்று போனை எடுத்தால் அரை மணி நேரம் ஓடும். இவர் பக்கத்து அறையில் மாவு பிசைந்துகொண்டே காதைத் தீட்டிவைத்துக் கேட்பார். அது மட்டுமா? மேல்காற்று வீசுகிற நாட்களில், செங்கல் சூளையைத் தாண்டும்போது, சோள வயலுக்கு அந்தப்புறமிருந்து அக்கா கோழிகளைத் திட்டுவது கேட்கும். ரொட்டிக்காரர் உடனே இறங்கி டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். அக்கா திட்டி முடிக்கும் வரை டயரை அமுக்கிக்கொண்டே இருப்பார். அமைதியான சாலையில் இது ஒரு வசதி.

இப்படியே போயிருக்கும். நடுவில் பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

பல் டாக்டர் நகரத்தில் வைத்தியம் பார்க்கிற பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம் ஒன்றுக்குத் தலைவியும் அவரே. மனிதர்கள் எதையும் ஒழுங்காகத் துலக்குவதில்லை என்பது அவருடைய நிரந்தரக் கவலை. நெடுஞ்சாலையில் ஓட்டி, லாரிக் காற்றில் இரண்டு முறை வயலுக்குள் விழுந்து எழுந்த பிறகு, சமவெளிக்குள் அமைதியான வழி தேடி வந்தார். வாய்க்கால் கரையில் ரொட்டிக்காரரைப் பார்த்தார். ஒரு ரொட்டி வாங்கிக் கடித்தும் பார்த்தார்.

"அண்ணா, இந்த ரொட்டி இருக்கிற வரைக்கும் எனக்குத் தொழில் கவலையே இல்லை" என்றார். பிறகு, "இந்த மாதிரி ரோடு இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர் டாக்டர். சங்கிலி பேசறது கேக்கும்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அடுத்த புதன்கிழமை போனில் பாதை பதிகிற ஏற்பாட்டோடு வந்து, ரொட்டிக்காரருக்குப் பின்னாலேயே முழுச் சுற்றும் ஓட்டினார். ரொட்டிக்காரருக்கு ஒரே பெருமை. எந்த வளைவில் காற்று முகத்தில் அடிக்கும், எந்தப் பம்ப் அறையில் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும், டிராக்டர் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். டாக்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை.

மதகு வந்தது. ரொட்டிக்காரர் பழக்கத்தில் இறங்கி, சைக்கிளைத் தூக்கி வலது பக்கம் வைத்தார்.

டாக்டர் நேரே போகிற சாலையைப் பார்த்தார். சுத்தமான, நிழலான, அழகான சாலை. "இது ஏன் வேண்டாம்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருடக் கோபத்தை முன்பின் தெரியாதவரிடம் இரண்டு வரியில் எப்படிச் சொல்வது? "அது... ரோடு சரியில்லைங்க" என்றார்.

"நல்லாத்தானே தெரியுது?"

"உள்ள போனா பள்ளம். அப்புறம் நாய்."

"நாயா?"

"மூணு நாய்." வாய் அதுபாட்டுக்கு ஓடியது. "அதுல ஒண்ணுக்கு ஒரு காது கிடையாது. அதுதான் ரொம்ப மோசம். கடிச்சா விடாது."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாளில் வரைபடம் அச்சாகி வந்துவிட்டது. பளபளப்பான தாள், எட்டாக மடித்தது. தலைப்பில் ரொட்டிக்காரரின் சைக்கிள் படமே இருந்தது. முந்நூறு பிரதிகள், எடைமேடை, தபால் நிலையம், விவசாயிகள் சங்கக் கட்டடம், எல்லா இடத்திலும் ஒட்டியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் இந்தப் பாதையில் முதல் சவாரி போகப்போகிறார்கள், ரொட்டிக்காரர்தான் முன்னால் போக வேண்டும் என்று அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ரொட்டிக்காரர் பூரித்துப்போய் மனைவியிடம் நீட்டினார். அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள்.

"ஏங்க, இது என்ன சிவப்புக் கோடு?"

எட்டிப் பார்த்தார். மதகிலிருந்து நேரே போகும் சாலை முழுக்கச் சிவப்பில் அடித்திருந்தது. பக்கத்தில்: 'மோசமான சாலை. பள்ளங்கள். கடிக்கும் நாய்கள் மூன்று. ஒரு காது இல்லாத நாயிடம் குறிப்பாக எச்சரிக்கை. தவிர்க்கவும்.' மதகின் மேல் ஒரு சின்ன வட்டம் போட்டு: 'இங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கி, வலது பக்கம் பார்த்து வைக்கவும்.'

அந்தச் சாலையில் இருப்பது ஒரே ஒரு வீடு.

"அண்ணி வீட்டுல ஏதுங்க நாய்?" என்றாள் மனைவி. "அவங்களுக்குக் கோழி வளர்க்கவே பொறுமை கிடையாது! யாருக்குக் காது குத்துறீங்க? உங்க சண்டை உங்களோட இருக்கட்டும்னு ஒன்பது வருஷமா வாயை மூடிட்டு இருந்தேன். இப்ப ஊர் பூரா ஒட்டி வெச்சிருக்கீங்களே அவங்க வீட்டை!"

"நான் சும்மா வாய் தவறி..."

"வாய் தவறி யாராவது காதை அறுப்பாங்களா?"

ரொட்டிக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அக்கா பார்த்துட்டாளா?"

"சங்கத்துல ஒட்டியிருக்கு. மாமா ஒண்ணை எடுத்துட்டு வந்து காட்டினாருன்னு காலையில போன்ல சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

 அக்கா திட்டியிருந்தால் ரொட்டிக்காரர் பிழைத்திருப்பார். திட்டாத அக்காவை அவருக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நாளும் மனதின் ஒரு மூலையில், என்றைக்காவது ஒரு நாள் எப்படியோ சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அந்த வழியையும் தானே சிவப்புக் கோடு போட்டு அடைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சமாளித்தார்.

மறுநாளே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நகரத்துக்குப் பேருந்து ஏறினார். பல் வைத்தியசாலையில் சுவர் முழுக்கச் சிரிக்கிற முகங்கள். டாக்டர் இவரைப் பார்த்ததும் சந்தோஷமாக, "வாங்கண்ணா! வாயைத் திறங்க, ஒரு பார்வை பார்த்துடறேன்" என்று நாற்காலியில் சாய்த்துவிட்டார்.

"இல்ல டாக்டர், நான் ஒரு விஷயம்..."

"பேசக் கூடாது. ஐயையோ, கடைவாய்ல இவ்ளோ பெரிய சொத்தை! உங்க ரொட்டியை நீங்களே சாப்பிடறீங்களா?"

வாய்க்குள் ஒரு கண்ணாடி, ஒரு குழாய், இரண்டு விரல். ரொட்டிக்காரர் ஆ, ஊ என்று தன் குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டார். கையை ஆட்டி நாய் இல்லை என்றார். காதைத் தொட்டுக்காட்டி இல்லை இல்லை என்றார். டாக்டர் வலிக்கிறது போலிருக்கிறது என்று இன்னோர் ஊசி போட்டார். வெளியே வந்தபோது முகத்தில் பாதி மரத்துப்போயிருந்தது, சொத்தைப் பல் அடைத்திருந்தது, சொல்ல வந்தது மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த ஆள் ஏற்கெனவே வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டது.

நாற்பது பேரும் கலர் கலரான தலைக்கவசத்தோடு ரொட்டிக்காரர் வாசலில் நின்றார்கள். தொந்தி வைத்த வங்கி மேலாளர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிற நீளச் சைக்கிளில் புதுசாகக் கல்யாணமான ஜோடி, இன்னும் யார் யாரோ. டாக்டர் ஒரே ஓர் உத்தரவுதான் போட்டார்: "அண்ணா என்ன பண்றாரோ அதையே பண்ணுங்க."

செய்தார்கள். இவர் வளைவில் மணி அடித்தால் நாற்பது மணி அடித்தது. இவர் பம்ப் அறையில் தண்ணீர் குடித்தால் நாற்பது பேரும் வரிசையில் நின்று குடித்தார்கள். இவர் ஒரு முறை முதுகைச் சொறிந்தபோது பின்னால் நாலைந்து பேர் சந்தேகத்தோடு தங்கள் முதுகைத் தொட்டுப் பார்த்ததாகக் கேள்வி. காற்று இதமாக இருந்தது. சோளத் தட்டைகள் இரண்டு பக்கமும் சலசலத்தன. "சங்கிலிச் சத்தம் கேக்குதுங்க!" என்று வங்கி மேலாளர் பின்னாலிருந்து குழந்தை மாதிரிக் கத்தினார். வேறு எந்த நாளாக இருந்தாலும் ரொட்டிக்காரருக்குத் தலைகால் புரிந்திருக்காது. இன்று மதகு நெருங்க நெருங்கக் கால் கனத்தது.

மதகு வந்தது. இறங்கினார். நேரே போகும் சாலையைப் பார்க்காமல், முன்சக்கரத்தை அணைத்துத் தூக்கி வலது பக்கம் வைத்தார். முழங்கால் சடக்கென்றது.

பின்னால் ஒரே சரசரப்பு. திரும்பிப் பார்த்தார்.

நாற்பது பேரும் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் தாராளமாகத் திரும்புகிற, விலை உயர்ந்த, வழவழப்பான சைக்கிள்களை. புது ஜோடி நீளச் சைக்கிளைத் தூக்கத் தெரியாமல் வாய்க்காலில் விழப் பார்த்தது. வங்கி மேலாளருக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் தூக்கறோம்?" என்று ஓர் இளைஞன் கேட்டான்.

"மேப்ல போட்டிருக்குப்பா. தூக்கு" என்றார் தலைமை ஆசிரியை. அவர் ஒரு காலை ஊன்ற முடியாமல் மறு காலில் நின்று சைக்கிளைத் தூக்கிக்கொண்டிருந்தார். ரொட்டிக்காரர் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். "மூட்டு ஆபரேஷன் பண்ண காலு. பரவாயில்லைங்க. இத்தனை வருஷமா இந்த ரோட்ல போறவர் நீங்க, காரணமில்லாமலா சொல்லியிருப்பீங்க?"

ரொட்டிக்காரருக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தன்னுடைய ஒரு முட்டாள் கோபத்தை நாற்பது பேர் ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

"இறக்குங்க" என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சத்தமாக: "இறக்குங்க! எல்லாரும் சைக்கிளைக் கீழ வைங்க!"

வைத்தார்கள்.

"அந்த ரோட்ல பள்ளம் கிடையாது. நாயும் கிடையாது. நான் சொன்னது பொய். அங்க எங்க அக்கா வீடு இருக்கு. அவளோட எனக்குப் பேச்சு இல்ல. அவ்வளவுதான்."



"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"ஒன்பது வருஷம்."

"ஒன்பது வருஷமும் தினமும் தூக்குனீங்களா?"

"ஞாயித்துக்கிழமை லீவுங்க."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். பல் டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அண்ணா, அன்னிக்கு நாற்காலியில இதைத்தான் சொல்ல வந்தீங்களா? நான் வலிக்குதுன்னு இன்னொரு ஊசி போட்டேனே!"

"அது பரவால்ல டாக்டர். பல் நல்லாயிடுச்சு." ரொட்டிக்காரர் சைக்கிளைத் தூக்கி மறுபடி நேராக வைத்தார். "நான் நேரா போறேன். நீங்க வர்றதானா வாங்க. அவ திட்டுவா. என்னைத் திட்டுவா, பக்கத்துல நின்னா உங்களுக்கும் கொஞ்சம் விழும்."

நாற்பது பேரில் ஒருவர்கூடப் பின்தங்கவில்லை. இந்த மாதிரி வேடிக்கையை யார் விடுவார்கள்?

ஒரு கிலோமீட்டர்தான். அவருக்கு அது இருபத்திரண்டைவிட நீளமாக இருந்தது. மரங்கள் ஒன்பது வருடம் வளர்ந்திருந்தன. வேலியை மாற்றியிருந்தார்கள். வீட்டுக்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்திருந்தது. அந்தச் சுவரின் மேல்வரிசையை மட்டும் அவர் பார்க்கவில்லை. என்ன பேசுவது என்று யோசித்து வைத்த முதல் வார்த்தை, வாசல் கண்ணில் பட்டதுமே மறந்துபோனது.

ஏனென்றால் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு நாய்க்குட்டி.

பால் மணம் மாறாத குட்டி. இரண்டு மாதம்கூட இருக்காது. அதன் ஒரு காதை மடக்கி, கைக்குட்டையால் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் காதே இல்லை என்றுதான் தோன்றும். மாமா பக்கத்தில் ஒரு முக்காலியில், இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவள் கண் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு சட்டென்று குனிந்து குட்டியிடம், "கடி! வந்துட்டாங்க பாரு, கடிச்சுத் தொலை!" என்றாள். குட்டி ஓடிவந்து ரொட்டிக்காரரின் கால் கட்டைவிரலை நக்கியது. அங்கிருந்து பல் டாக்டரின் காலணிக்குப் போய் அதன் கயிற்றைச் சப்ப ஆரம்பித்தது.

"மேப் போட்டவங்க யாரு? நீங்களா?" அக்கா டாக்டரை மேலும் கீழும் பார்த்தாள். "பார்த்துக்கோங்க. நாய் இருக்கு. ஒரு காது இல்ல. மூணுன்னு போட்டிருந்தீங்க, மூணுக்கு எங்க போறது, ஒண்ணுதான் கிடைச்சுது. மத்த ரெண்டும் வெளிய போயிருக்குன்னு வெச்சுக்கோங்க."

"ரோட்டுல பள்ளமும் வெட்டறேன்னு கடப்பாரையைத் தூக்கிட்டா" என்றார் மாமா முக்காலியிலிருந்து. "நான்தான் பிடுங்கி வெச்சேன். நாலு நாளா இதே கூத்து."

ரொட்டிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "அக்கா, நான் மதகுகிட்டயே சொல்லிட்டேன். எல்லாம் பொய்னு."

"ஏண்டா சொன்னே?" அக்கா குரலை உயர்த்தினாள். அந்தக் குரல், காற்று வழியாக இல்லாமல், நேருக்கு நேர். "நாய்க்குட்டி தேடி எத்தனை வீடு ஏறி இறங்கினேன் தெரியுமா? காலையில இருந்து வாசல்லயே நிக்கறேன், யாராவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா நாய் இருக்கணுமேன்னு!"

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"எதுக்கா? என் தம்பி பொய் சொன்னான்னு நாற்பது பேர் ஊர் ஊராப் போய்ச் சொல்றதுக்கா? உன்னைப் பொய்யன்னு நான் சொல்லுவேன். மூஞ்சியைத் தூக்கிட்டுப் போன முட்டாள்னு நான் சொல்லுவேன். வேற ஒருத்தர் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டிக்காரர் புகை எதுவும் இல்லாத அந்த இடத்தில் நாற்பது பேருக்கு முன்னால் அழுதார். தலைமை ஆசிரியை வேறு பக்கம் பார்த்தார். வங்கி மேலாளர் பார்த்துக்கொண்டே இருந்தார், அவருக்கும் கண் கலங்கியது.

சவாரிக்கு வந்தவர்களுக்காக அவர் சுட்டு வந்திருந்த அறுபது ரொட்டியில் ஒன்றை அக்கா கூடையிலிருந்து எடுத்தாள். விரல் முட்டியால் தட்டினாள். டொக் டொக். ரொட்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் இரண்டு கையாலும் அதைப் பிளந்து, ஒரு துண்டை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"செங்கல்தான்" என்றாள். "ஆனா நல்ல சூளை."

இந்த முறை நாற்பது பேர் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார், முதலில் சிரித்தது ரொட்டிக்காரர். அறுபது ரொட்டியும் அந்த வாசலிலேயே தீர்ந்துபோயின.

மறுநாள் திங்கட்கிழமை. மதகருகே வந்ததும் கால் பழக்கத்தில் தரையில் ஊன்றிவிட்டது. ரொட்டிக்காரர் தன் காலையே ஒரு திட்டுத் திட்டிவிட்டு நேரே மிதித்தார். அக்கா வாசலில் இரண்டு ரொட்டி, அரை மணி நேர வசவு. காதுக் கட்டு அவிழ்ந்த குட்டி நாற்சந்தி வரை கூடவே ஓடி வந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள், கொடுக்கவில்லை.

கோழிப்பண்ணையில் பற்றவைப்புக்காரர் வழக்கம்போல் ஆரம்பித்தார். "அண்ணே, அந்தச் சட்டத்தை இன்னிக்காவது வெட்டிடலாமா? வலது பக்கமும் திரும்பும்."

"வேண்டாம்ப்பா" என்றார் ரொட்டிக்காரர், இரண்டு ரொட்டியை எடுத்து நீட்டிக்கொண்டே. "இனிமே வலது பக்கம் எனக்கு வேலையே இல்லை."